செர்பிய மொழி கற்க ஆப் போதுமா? எழுத்துக்கு ஆப், வாக்கியத்துக்குத் தமிழ்!

டுவோலிங்கோவைத் திறந்து மொழிப் பட்டியலைப் பாருங்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் வரும் ஹை வலேரியன் இருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்' கதையில் வேற்றுக்கிரகவாசிகள் பேசும் கிளிங்கான்கூட இருக்கிறது. செர்பிய மொழி இல்லை. 2022 கணக்கெடுப்பின்படி 66 லட்சம் பேர் வாழும் ஒரு நாட்டின் ஆட்சி மொழிக்கு, உலகின் மிகப் பிரபலமான மொழி ஆப்பில் இடமில்லை.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஜோகோவிச் ரசிகர் என்றால் இது வெறும் ஆர்வம். ஆனால் வேலைக்காகச் செர்பியா போகிறவர்களுக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். தலைநகர் பெல்கிரேடில் 2027-ல் சர்வதேச எக்ஸ்போ நடக்க இருக்கிறது. அதற்கான கட்டுமானங்கள் நடக்கின்றன. இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்து தொழிலாளர்கள் அங்கே போகிறார்கள். இந்தியர்களுக்கு இருந்த விசா இல்லாப் பயணச் சலுகை 2023 ஜனவரி 1-ல் முடிந்துவிட்டது. இப்போது போவதென்றால் விசா, பெர்மிட், ஒப்பந்தம் என்று காகிதங்களோடுதான் போக வேண்டும். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இருக்கிற வித்தியாசம் சின்னதல்ல.

சரி, மொபைல் ஆப் வைத்துச் செர்பிய மொழியைக் கற்க முடியுமா? என் பதில்: பாதி முடியும். எழுத்துகளையும் முதல் சில நூறு சொற்களையும் ஆப் நன்றாகவே கற்றுத்தரும். வாக்கியத்தைக் கற்றுத்தராது. அந்த மீதிப் பாதிக்கு ஆங்கிலத்தைவிட நல்ல உதவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது நம்முடைய தமிழ்.

பட்டியலில் ஏன் இல்லை?

பேசுவோர் எண்ணிக்கை குறைவு என்பதுதான் காரணம் என்று தோன்றும். அப்படியில்லை. டுவோலிங்கோவில் வெல்ஷ் மொழி இருக்கிறது. வேல்ஸில் 2021 கணக்கெடுப்பின்படி அதைப் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5.4 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் சுமார் 6.9 கோடிப் பேருக்குத் தாய்மொழியான தமிழை அதே ஆப்பில் கற்க முடியாது. ஆக, தலைக்கணக்கு இங்கே அளவுகோல் இல்லை. எத்தனை பேர் கற்க வருவார்கள், அவர்களில் எத்தனை பேர் பணம் கட்டுவார்கள், யார் உட்கார்ந்து பாடத்தை உருவாக்குவார்கள் என்பவைதான் அளவுகோல். ஆரம்ப காலத்தில் டுவோலிங்கோவின் பல பாடங்களைத் தன்னார்வலர்கள் உருவாக்கினார்கள். அந்தத் திட்டமும் 2021-ல் முடித்துவைக்கப்பட்டது.

செர்பிய மொழிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யூகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்தபோது 'செர்போ-குரோவேஷியன்' என்று அழைக்கப்பட்ட மொழி, 1990-களில் நாடு உடைந்த பிறகு செர்பியன், குரோவேஷியன், போஸ்னியன், மாண்டெநெக்ரின் என நான்கு பெயர்களில் வழங்குகிறது. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும். அதனால் சில ஆப்கள் குரோவேஷியனை மட்டும் வைத்துக்கொண்டு, 'இதையே படிச்சுக்கோங்க' என்கிற மாதிரி விட்டுவிடுகின்றன.

படிக்கலாம், தப்பில்லை. ஆனால் பெல்கிரேடில் காபி 'காஃபா', குரோவேஷியத் தலைநகர் சாக்ரெபில் 'காவா'. பால் இங்கே 'ம்லேகோ', அங்கே 'ம்லியெகோ'. ரொட்டி இங்கே 'ஹ்லெப்', அங்கே 'க்ருஹ்'. ரயில் இங்கே 'வோஸ்', அங்கே 'வ்லாக்'. ஜனவரி, பிப்ரவரி என்ற மாதப் பெயர்கள்கூட மாறிவிடும். குரோவேஷியச் சொல்லோடு செர்பியாவில் இறங்கினால் புரிந்துகொள்வார்கள். ஆனால் நீங்கள் எந்த ஊர்ப் பாடத்தைப் படித்துவிட்டு வந்தீர்கள் என்பதையும் உடனே புரிந்துகொள்வார்கள். போரின் நினைவு இன்னும் மறையாத இடம் அது. இந்தச் சொல் வேறுபாடுகள் அங்கே வெறும் வட்டார வழக்கு இல்லை.

ஆப் எதில் கில்லி?

எழுத்தில். செர்பிய மொழிக்கு இரண்டு எழுத்துமுறைகள்: சிரிலிக் ஒன்று, லத்தீன் ஒன்று. இரண்டிலும் 30 எழுத்துகள். 19-ஆம் நூற்றாண்டில் வூக் கராஜிச் என்ற மொழியறிஞர் செய்த சீர்திருத்தத்தால், ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்பது விதியாகிவிட்டது. அவருடைய புகழ்பெற்ற அகராதி 1818-ல் வியன்னாவில் வெளியானது. எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே எழுதுவார்கள். ஆங்கிலம் மாதிரி ஸ்பெல்லிங் மனப்பாடம் தேவையில்லை.

வெளிநாட்டுப் பெயரையும் அவர்கள் காதில் கேட்டபடிதான் எழுதுவார்கள். ஷேக்ஸ்பியரை 'ஷெக்ஸ்பிர்' என்றும், நியூயார்க்கை 'ஞுயோர்க்' என்றும் எழுதுகிறார்கள். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகிய நமக்கு இது விநோதமே இல்லை.

சிரிலிக்கில் ஒரே பொறி, ஆங்கில எழுத்து போலத் தெரிந்து வேறு ஒலி தருபவை. ஆங்கில 'பி' போலத் தெரிவது 'ர்'. 'சி' போலத் தெரிவது 'ஸ்'. 'ஹெச்' போலத் தெரிவது 'ந்'. பெல்கிரேடில் ஒரு போர்டைப் பார்த்து 'பெக்டோபா' என்று படித்தீர்கள் என்றால், அங்கே எழுதியிருப்பது 'ரெஸ்டோரான்', அதாவது ரெஸ்டாரன்ட். இந்த மாதிரி எழுத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, கேட்க வைத்து, தப்பு செய்தால் மறுபடி கேட்பதில் ஆப்பை மிஞ்ச ஆளில்லை. தினமும் 15 நிமிடம் கொடுத்தால் ஓரிரு வாரத்தில் போர்டு படித்துவிடலாம்.

ஆனால் இங்கேயும் கவனம் தேவை. செர்பியாவில் சாட், கடை, சோஷியல் மீடியா என எங்கும் லத்தீன் எழுத்து தாராளமாகப் புழங்குகிறது. அதை மட்டும் கற்றால் போதும் என்று தோன்றும். போதாது. 2006 அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு, செர்பிய மொழியையும் சிரிலிக் எழுத்தையும்தான் அரசுப் பயன்பாட்டுக்கு உரியவை என்கிறது. அரசு அலுவலக விண்ணப்பம், நோட்டீஸ் எல்லாம் சிரிலிக்கில் வரும். 'உகோவோர்' என்றால் ஒப்பந்தம். 'ப்லாட்டா' என்றால் சம்பளம். 'ஓட்காஸ்' என்றால் வேலைநீக்கம். 'பொட்பிஸ்' என்றால் கையெழுத்து. இந்த நான்கு சொல்லையும் இரண்டு எழுத்திலும் அடையாளம் காணத் தெரியாமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. காசு கட்டும் முன் அந்த ஆப் சிரிலிக் கற்றுத்தருகிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எங்கே மாட்டுகிறது?

ஆப்பில் ஒரு காபி கோப்பை படம் வரும். கீழே 'காஃபா'. நீங்கள் தட்டுவீர்கள், பச்சை டிக் விழும், மணி அடிக்கும். அடுத்த மாதம் பெல்கிரேடில் ஒரு கஃபேயில் உட்கார்ந்து கேட்க வேண்டிய வாக்கியம் 'யெட்னு காஃபு, மோலிம்': ஒரு காபி, ப்ளீஸ். காஃபா எப்போது காஃபு ஆனது? பால் சேர்த்து, சர்க்கரை இல்லாமல் வேண்டுமா? 'சா ம்லேகோம், பெஸ் ஷேச்சேரா' என்று சொல்ல வேண்டும். நீங்கள் படத்தில் பார்த்துப் படித்த 'ம்லேகோ'வும் 'ஷேச்சேர்'உம் வால் மாறி நிற்கின்றன. இரண்டு காபி என்றால் 'ட்வே காஃபே'. ஐந்து என்றால் 'பெட் காஃபா'.

செர்பிய மொழியின் முதுகெலும்பே இதுதான்: வேற்றுமை. மொத்தம் ஏழு. சொல்லின் கடைசி எழுத்து மாறுவதை வைத்துத்தான் யார் செய்தது, யாருக்குச் செய்தது, எதனால் செய்தது எல்லாம் தெரியும். படம், சொல், டிக் என்று ஓடுகிற ஆப்களுக்கு இதைச் சொல்லித்தரும் பொறுமை பெரும்பாலும் இருப்பதில்லை. அட்டையில் இருக்கும் சொல் உங்களுக்குத் தெரியும். வாயிலிருந்து வரவேண்டிய சொல் தெரியாது. நாலு விடையில் சரியானதைத் தட்டுவதும், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு வாக்கியத்தைச் சொல்வதும் ஒரே திறமை இல்லை.

தமிழ் எப்படி உதவும்?

வேற்றுமை என்றதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட செர்பியப் பாடங்கள் பயமுறுத்த ஆரம்பித்துவிடும். ஆங்கிலம் பேசுபவருக்கு அது உண்மையிலேயே புது உலகம். நமக்கு? ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பிலேயே ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று மனப்பாடம் செய்தவர்கள் நாம். தமிழில் எட்டு வேற்றுமை. அவர்களுக்கு ஏழுதான்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்.

'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பதற்குச் செர்பியத்தில் 'ட்ரேபா மி வோடா'. 'மி' என்றால் 'எனக்கு'. 'எனக்குக் குளிர்கிறது' என்பதற்கு 'ஹ்லாட்னோ மி யே'. அங்கேயும் 'எனக்கு'தான். 'எனக்குப் பிடிக்கிறது' என்பதற்கு 'ஸ்விஜா மி சே'. மறுபடியும் 'எனக்கு'. இந்த மூன்று இடத்திலும் ஆங்கிலம் 'நான்' என்று தொடங்கும். ஆங்கில வழியில் கற்பவர் முதலில் அந்த 'நானை' மறக்கவேண்டும். தமிழில் யோசிப்பவர் எதையும் மறக்க வேண்டியதில்லை.

'பென்சிலால் எழுதுகிறேன்' என்பதும் 'நண்பனோடு வந்தேன்' என்பதும் தமிழில் ஒரே மூன்றாம் வேற்றுமையின் கீழ் வரும். ஆல், ஓடு இரண்டும் அங்கேதான். செர்பியத்திலும் கருவிக்கும் துணைக்கும் ஒரே வேற்றுமை: 'பிஷெம் ஒலோவ்கோம்' என்றால் பென்சிலால் எழுதுகிறேன்; 'சா ட்ரூகோம்' என்றால் நண்பனோடு. இரண்டிலும் அதே 'ஓம்'.

'மனிதனைப் பார்த்தேன்' என்று சொல்வோம். 'மனிதன் பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம். ஆனால் 'படம் பார்த்தேன்' என்றால் ஓகே. செர்பியத்தில் ஆண்பால் பெயர்களுக்கு இதற்கு நெருக்கமான விதி உண்டு. மனிதனைப் பார்க்கிறேன் என்றால் 'விடிம் ச்சோவெகா'. 'ச்சோவெக்' என்ற சொல்லுக்கு வால் முளைக்கிறது. மேஜையைப் பார்க்கிறேன் என்றால் 'விடிம் ஸ்டோ'. 'ஸ்டோ' அப்படியே நிற்கிறது. உயிருள்ளதா, இல்லையா என்பதுதான் கணக்கு.

ஒருவரைக் கூப்பிடும்போது டாக்டர் 'டாக்டரே' ஆவது நம் விளிவேற்றுமை. செர்பியத்தில் 'டோக்டோர்', கூப்பிடும்போது 'டோக்டோரே'!

இன்னும் இருக்கிறது. 'போகிறேன்' என்றாலே 'நான்' என்பது தெரிந்துவிடும். செர்பியத்திலும் 'இடெம்' போதும், 'நான்' தேவையில்லை. நீ, நீங்கள் வித்தியாசம் அங்கே 'டி', 'வி'. நம்மைப் போலவே பன்மைதான் மரியாதை. மேனேஜரிடம் 'காகோ ஸ்டே?', நண்பரிடம் 'காகோ சி?'. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் ஆங்கில வழி ஆப்பில் பலர் இதைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள்.

இவை குடும்ப உறவால் வந்த ஒற்றுமைகள் அல்ல. செர்பியம் ஸ்லாவிய மொழி, தமிழ் திராவிட மொழி. 'பார்த்தீங்களா, அங்கேயும் தமிழ்தான்' என்ற வாட்ஸ்அப் ஃபார்வேர்டுக்கு இங்கே வேலை இல்லை. இரண்டு மொழிகளும் ஒரே வகையான வேலையை ஒரே வகையான கருவியால் செய்கின்றன, அவ்வளவுதான். கற்பவருக்கு அதுவே பெரிய லாபம்.

அப்போ ரொம்ப ஈஸியா?

இல்லை. தமிழில் 'ஐ' என்றால் எல்லாச் சொல்லுக்கும் 'ஐ'தான்: வீட்டை, மரத்தை, பையனை, பெண்களை. செர்பியத்தில் அந்த வால் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால், ஒருமை, பன்மை பார்த்து மாறும். உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. மேஜை ஆண்பால், வீடு பெண்பால், கடல் மூன்றாவது பால். திணை பார்த்துப் பழகிய நமக்கு இது எரிச்சலூட்டும். 'வேலை செய்தேன்' என்பதை ஆண் 'ராடியோ சாம்' என்றும், பெண் 'ராடிலா சாம்' என்றும் சொல்ல வேண்டும். வினைச்சொற்கள் ஜோடி ஜோடியாக வரும்: குடிப்பது 'பிடி', குடித்துவிடுவது 'பொபிடி'. நம்முடைய 'விடு' கொஞ்சம் கைகொடுக்கும், முழுதாகக் கைகொடுக்காது.

நாக்குக்கும் வேலை இருக்கிறது. நாட்டின் பெயரையே அவர்கள் 'ஸ்ர்பியா' என்பார்கள். 'ஸ்'-க்கும் 'ர்'-க்கும் நடுவே உயிரெழுத்து இல்லை. விரல் 'ப்ர்ஸ்ட்'. சதுக்கம் 'த்ர்க்'. ஒரு சின்னக் கோடு மாறினாலும் பொருள் மாறும்: 'குச்சா' என்றால் வீடு, 'குட்ஸா' என்றால் குழந்தைகள் சொல்லும் நாய்க்குட்டி. ஆறுதலுக்கு ஒன்று: நம்முடைய 'ஞ்' அப்படியே அங்கே இருக்கிறது. குதிரைக்குப் பெயர் 'கோஞ்'.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க வைத்திருக்கும் கணக்குப்படி, ஆங்கிலம் பேசுபவர் செர்போ-குரோவேஷியனைப் பணிக்குத் தேவையான அளவு கற்க 44 வாரம், அதாவது சுமார் 1,100 வகுப்பு மணிநேரம் ஆகும். அதே பட்டியலில் தமிழும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஆப்பில் தினமும் 10 நிமிடம் என்றால் 1,100 மணிநேரம் முடிய 6,600 நாள். பதினெட்டு வருஷம்! 'ஸ்ட்ரீக்' உடையாமல் 300 நாள் ஓட்டினாலும் கையில் இருப்பது 50 மணிநேரம்தான். ஸ்ட்ரீக் காட்டுவது நீங்கள் ஆப்பை எத்தனை நாள் திறந்தீர்கள் என்பதை. மொழி எவ்வளவு வந்திருக்கிறது என்பதை அது காட்டாது.

போனில் டிரான்ஸ்லேட் இருக்கே?

இருக்கிறது, பயன்படுத்துங்கள். சிரிலிக் நோட்டீஸை கேமராவில் காட்டி விஷயம் புரிந்துகொள்ள அது அருமையான கருவி. ஆனால் சைட்டில் மேலே இருப்பவர் 'நில்!' என்று கத்தும்போது போனை எடுக்க நேரம் இருக்காது. ஆம்புலன்ஸுக்கு 194 அழைத்தால் எதிர்முனையில் இருப்பவரிடம் இருக்கும் இடத்தை வாயால்தான் சொல்ல வேண்டும். சம்பளம் ஏன் குறைந்தது என்று கேட்பதை இடையில் ஒரு மெஷினை நிறுத்திக் கேட்டால், கேள்வியின் வலு பாதியாகிவிடும். ஏஐ சாட்பாட்டுடன் பேசிப் பழகுவதும் நல்லதுதான். ஆனால் அது நடுநடுவே குரோவேஷியச் சொல்லைக் கலந்துவிடலாம். ஆரம்பத்தில் அதை உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

என்ன செய்யலாம்?

முதல் இரண்டு வாரம் எழுத்து மட்டும். லிங், யூடாக் போன்ற ஆப்களில் செர்பியப் பாடம் உண்டு. தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: சிரிலிக் இருக்கிறதா? ஆடியோ மனிதக் குரலா? சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லித்தருகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' வராவிட்டால் வருடச் சந்தா கட்டாதீர்கள்.

அடுத்து, ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். '50 லாங்குவேஜஸ்' என்ற இலவசத் தளத்தில் தமிழிலிருந்தே நேரடியாகச் செர்பியம் கற்க 100 பாடங்கள் இருக்கின்றன. அதன் வாக்கியங்களை எடுத்து, ஒரு நோட்டில் ஐ, ஆல், கு, இன், அது, கண், விளி என்று ஏழு பக்கம் ஒதுக்கி, எந்த வாக்கியம் எந்தப் பக்கத்துக்குப் போகும் என்று பிரித்து எழுதுங்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தாது. பொருந்தாத இடங்கள்தான் நீங்கள் கற்க வேண்டிய இடங்கள்.

சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். 'காஃபா' என்று அட்டை போடாதீர்கள். 'யெட்னு காஃபு, மோலிம்' என்று போடுங்கள். அன்கி போன்ற ஆப்பில் உங்கள் அட்டையை நீங்களே செய்யலாம். வேலைக்குப் போகிறவர் என்றால் காபிக்கு முன்னால் ஒப்பந்தச் சொற்கள்.

இரண்டு மாதம் முடிந்ததும் மனிதர்களிடம் போங்கள். வாரம் ஒரு மணிநேரம் வீடியோ காலில் ஒரு செர்பியரோடு பேசுவது, ஆப்பில் கழிக்கும் பல மணிநேரத்தைவிட அதிகம் தரும். செர்பிய அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎஸ் செய்திகளைக் கேளுங்கள். 1904 முதல் வெளிவரும் 'பொலிடிகா' நாளிதழ் சிரிலிக்கில் வருகிறது. தினமும் ஒரு தலைப்பை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.

ஒரு மொழி ஆப் பட்டியலில் இல்லை என்றால், அதைக் கற்க முடியாது என்று ஒரு தலைமுறையே நினைக்கத் தொடங்கிவிட்டது. ஆப் வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே வியாபாரிகளும் கப்பலோட்டிகளும் கூலித் தொழிலாளர்களும் அயல்மொழிகளைக் கற்றுத்தான் பிழைத்தார்கள். எதிரில் இருந்த மனிதரிடம் கேட்டு, தங்கள் தாய்மொழியோடு ஒப்பிட்டுக் கற்றார்கள். அந்த வழி இன்னும் மூடப்படவில்லை. பட்டியலில் இல்லாத ஒரு மொழியைப் பேசுகிற நாம், பட்டியலில் இல்லாத இன்னொரு மொழியைக் கற்கத் தயங்க வேண்டியதில்லை.